18943இல் வெளிவந்த புறநானூறு: ஒரு வேர்டு கோப்பைச் சுத்தம் செய்ததன் நிகழ்வு ஆய்வு

போன வருஷம் ஒரு கல்லூரித் தமிழ்த்துறையின் கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்பைப் பக்கம் கட்டித் தரும் வேலை என்னிடம் வந்தது. 27 கட்டுரைகள், ஒரே வேர்டு கோப்பு. கட்டுரையாளர்கள் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பியவற்றை ஆய்வு மாணவர் ஒருவர் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டியிருந்தார். “எல்லாம் ரெடியா இருக்கு, ஃபார்மேட் மட்டும் கொஞ்சம் சரி பண்ணிக்கோங்க” என்று கூடவே ஒரு வரி. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த வரியின் கனம் தெரியும்.

கோப்பின் நிலை

முதல் கட்டுரை லதா எழுத்துருவில் 12 புள்ளி, அடுத்தது விஜயாவில் 14, அதற்கடுத்தது வேறொன்றில். இணையத்திலிருந்து எடுத்த பத்திகளுக்குப் பின்னால் வெளிர்சாம்பல் பட்டை. ஆங்காங்கே நீல நிறத்தில் அடிக்கோடிட்ட சுட்டிகள். ஒரு கட்டுரையைப் புதுப்பக்கத்தில் தொடங்க வைப்பதற்காக யாரோ 19 முறை எண்டர் தட்டியிருந்தார்கள். கட்டுரைகளோடு அவற்றின் ஸ்டைல்களும் (எழுத்துரு, அளவு, இடைவெளி எல்லாவற்றையும் ஒரு பெயரில் சேர்த்து வைக்கும் தொகுப்புகள்) சேர்ந்து வந்திருந்ததால் ஸ்டைல் பட்டியலை உருட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கு ஒரு பழக்கம் உண்டு. இப்போதைய வேர்டு கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. நகல் ஒன்றை எடுத்து, பெயரின் வாலை ஜிப் என்று மாற்றிப் பிரித்தால் உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள் கிடக்கும். ‘திருநெல்வேலி’ என்ற ஒரு சொல்லை அதில் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அந்தச் சொல் ‘திருநெ’, ‘ல்வே’, ‘லி’ என்று மூன்று துண்டாகக் கிடந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் தனி எழுத்துரு, தனி அளவு, தனி மொழிக்குறி. நடுத்துண்டு ஆங்கிலம் என்று பதிவாகியிருந்தது. திரையில் பார்த்தால் ஒரே சொல். இன்னோரிடத்தில் துண்டு விழுந்த இடம் மெய்க்கும் உயிர்க்குறிக்கும் நடுவே. குறியைச் சேர்த்துக்கொள்ள அதே எழுத்துருவில் ஒரு மெய் இல்லாததால், அது புள்ளிவட்டம் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தது. அந்தப் புள்ளிவட்டத்தைத் தட்டச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்தும் பலரைப் பார்த்திருக்கிறேன். அழித்துவிட்டு மறுபடி அடித்தாலும் பக்கத்து எழுத்தின் வடிவமைப்பை வாங்கிக்கொண்டு திரும்பவும் அதே வட்டம் வந்து நிற்கும்.

முதல் முயற்சி: 40 நிமிடம்

எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கண்ட்ரோல்-ஏ கொடுத்து முழுக்கத் தேர்ந்தெடுத்தேன். கண்ட்ரோல்-ஸ்பேஸ் அடித்தால் எழுத்துகளின்மேல் நேரடியாகப் போட்ட எழுத்துரு, அளவு, நிறம், தடிப்பு, சாய்வு எல்லாம் போய்விடும். கண்ட்ரோல்-க்யூ அடித்தால் பத்திகளின் நேரடி வடிவமைப்பு, அதாவது உள்தள்ளல், நடுவாக்கம், வரி இடைவெளி, பின்னணிப் பட்டை எல்லாம் போகும். இரண்டையும் அடித்தேன். கண்ட்ரோல்-ஷிஃப்ட்-எஃப்9 அடித்துச் சுட்டிகளை வெறும் எழுத்தாக்கினேன்.

அடுத்தது வரிகள். மின்னஞ்சலிலிருந்தும் பிடிஎஃப்பிலிருந்தும் எடுத்த கட்டுரைகளில் ஒவ்வொரு வரி முடிவிலும் எண்டர் இருந்தது. அதற்குப் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. அடுத்தடுத்து இரண்டு பத்திக்குறி வரும் இடங்களை ‘@@’ என்று மாற்றிவிட்டு, மிச்சமுள்ள ஒற்றைப் பத்திக்குறிகளை எல்லாம் ஓர் இடைவெளியாக்கி, கடைசியில் ‘@@’ ஒவ்வொன்றையும் திரும்பப் பத்திக்குறி ஆக்குவது. ஷிஃப்ட்-எண்டரால் வந்த வரி முறிவுகளையும் இதே கையோடு இடைவெளியாக மாற்றினேன். கோப்பு பார்க்க அழகாக ஆகிவிட்டது. ஒரே எழுத்துரு, ஒரே அளவு, வெள்ளைப் பின்னணி. பிடிஎஃப் எடுத்துத் தொகுப்பாசிரியரான பேராசிரியருக்கு அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மறுநாள் காலை அவர் போன் செய்தார்.

“தம்பி, உ.வே.சா.வோட புறநானூற்றுப் பதிப்பு எந்த வருஷம்?”

“ஆயிரத்து எண்ணூத்துத் தொண்ணூறு பக்கம் இருக்கும், ஐயா.”

“1894. உங்க புரூஃப்ல பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்து மூணுன்னு இருக்கு.”

திறந்து பார்த்தேன். ‘புறநானூறு 18943இல் வெளிவந்தது’. அதற்கு இரண்டு வரி மேலே சிந்தாமணிப் பதிப்பு 18872. ஆண்டுக்குப் பக்கத்தில் மேலெழுத்தாக ஏறி நின்ற குறிப்பு எண்களைக் கண்ட்ரோல்-ஸ்பேஸ் கீழே இறக்கிவிட்டிருந்தது. 2ஆம் குறிப்பு 1887ஓடும், 3ஆம் குறிப்பு 1894ஓடும் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஆண்டு என்பதால் பிழை பல்லைக் காட்டியது. ‘பாடல்கள் 40’ என்பதன் பக்கத்தில் 1 ஒட்டி 401 ஆகியிருந்தால் யார் கண்டுபிடித்திருப்பார்கள்?

பேராசிரியர் கோபப்படவில்லை. “பாட்டெல்லாம் வசனமாயிடுச்சு, அதையும் பாத்துக்கோங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

என்னென்ன போயின

மேலெழுத்து எண்கள் போனது ஒன்று. இரண்டாவது, மேற்கோள் பாடல்கள். சங்கப் பாடல், குறள், தேவாரம், நாட்டுப்புறப் பாட்டு என்று கட்டுரைக்குக் கட்டுரை பாடல் இருந்தது. அடி முடிவில் இருந்த எண்டரையும் வரி முறிவையும் நான் இடைவெளியாக்கியதால் எல்லாம் ஓடும் உரைநடை ஆகிவிட்டன. குறளின் முதலடி நாற்சீர், இரண்டாமடி முச்சீர். அந்த அடி எங்கே முடிகிறது என்பது யாப்பைச் சேர்ந்த விஷயம். அதைத் தமிழ்த்துறைத் தொகுப்பிலேயே நான் அழித்திருந்தேன்.

மூன்றாவதுதான் மோசம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு கட்டுரையும், இங்குள்ள மூத்த பேராசிரியர்கள் இருவரின் கட்டுரைகளும் யூனிகோடில், அதாவது எழுத்துரு எதுவானாலும் எழுத்துக்கு எண் மாறாத பொதுக் குறியாக்கத்தில் இல்லை. யாழ்ப்பாணத்தார் கட்டுரை பாமினியில், மற்ற இரண்டும் பழைய வானவில் எழுத்துருவில். இவற்றில் ‘அம்மா’ என்று திரையில் தெரிவது கணினிக்கு அம்மா இல்லை. பாமினியில் அது ‘எம்’, ‘கே’, அரைப்புள்ளி, ‘கே’, ‘எச்’ என்ற ஐந்து ஆங்கில விசைகளின் வரிசை. பாமினி என்ற முகமூடியைப் போட்டால்தான் ‘எம்’ அகரமாகவும், ‘கே’ மகரமாகவும், அரைப்புள்ளி மெய்ப்புள்ளியாகவும், ‘எச்’ காலாகவும் தெரியும். நான் எழுத்துருவைக் கழற்றியதும் மூன்று கட்டுரைகளும் ஆங்கிலக் கிறுக்கலாகிவிட்டன. பிடிஎஃப்பில் பேராசிரியர் அதுவரை படித்துப் போகவில்லை. நானாகப் பார்த்துக் கண்டுபிடித்ததுதான்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பழைய எழுத்துருக் கோப்பில் எழுத்துருவின் பெயர் ஓர் அலங்காரம் அல்ல. இந்த விசை வரிசையை எந்த அட்டவணை வைத்துப் படிக்க வேண்டும் என்பதற்கு அது ஒன்றுதான் ஆதாரம். சென்னையில் 1999இல் நடந்த தமிழிணைய மாநாட்டில் டாம், டாப் என்ற குறியாக்கங்களை (எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணைகளை) தரப்படுத்தினார்கள். 2010இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்-16 என்ற தமிழ்க் குறியாக்கத்தையும் ஏற்று ஆணை போட்டது. இருந்தாலும் 20 வருஷமாக ஒரே விசைப்பலகையில் கை பழகியவர்கள் அதிலேயேதான் அடிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, வேகமாக அடிக்கிறார்கள். ஆனால் அந்தக் கோப்பில் எழுத்துருப் பெயரை அழித்துவிட்டுச் சேமித்தால், எது பாமினி, எது வானவில் என்று பிறகு ஊகிக்கத்தான் முடியும். நல்லவேளை, மூலக் கோப்பைத் தொடாமல் வைத்திருந்தேன்.

இரண்டாம் முயற்சி: நான்கு நாள்

இந்தமுறை அழிப்பதைக் கடைசிக்குத் தள்ளினேன். வடிவமைப்புக்குள் ஒளிந்திருக்கும் தகவலை முதலில் எழுத்தாக்கிவிட வேண்டும்; அதன்பிறகு எதைக் கழற்றினாலும் நஷ்டமில்லை.

முதலில் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-8 அடித்துப் பத்திக்குறி, இடைவெளிப் புள்ளி, டேப் அம்பு எல்லாவற்றையும் கண்ணுக்குத் தெரிய வைத்தேன். வேர்டுபர்ஃபெக்ட் என்ற பழைய எழுத்து மென்பொருளில் ‘ரிவீல் கோட்ஸ்’ என்று ஒன்று உண்டு, தடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுவரை குறியாகவே காட்டிவிடும். வேர்டில் அதற்குக் கிட்டத்தில் வருவது ஷிஃப்ட்-எஃப்1 அடித்தால் பக்கவாட்டில் திறக்கும் பலகைதான். இருப்பதை வைத்து ஒப்பேற்ற வேண்டியது.

கோப்பில் என்னென்ன எழுத்துருக்கள் இருக்கின்றன என்ற முழுப் பட்டியல் ஜிப்பைப் பிரித்தபோது கிடைத்த எழுத்துரு அட்டவணைக் கோப்பில் இருந்தது. வேர்டின் தேடல் பெட்டியில் சொல் எதுவும் போடாமல், எழுத்துரு பாமினி என்று மட்டும் கொடுத்துத் தேடினால் பாமினித் துண்டுகளாகவே நிற்கும். அவற்றை மட்டும் எடுத்து மாற்றியில் (பழைய எழுத்துருவை யூனிகோடாக்கும் கருவி) போட்டு யூனிகோடாக்கி, அதே இடத்தில் வெறும் எழுத்தாக ஒட்டினேன். கட்டுரையை மொத்தமாக அள்ளி மாற்றியில் போட்டிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் நடுநடுவே டைம்ஸ் நியூ ரோமனில் இருந்த ஆங்கிலக் கலைச்சொற்களும் நூற்பெயர்களும் தமிழ்க் கிறுக்கலாகியிருக்கும்.

அப்படியும் ஒன்று தப்பியது. பாமினியில் காற்புள்ளி விசையை அடித்தால் வருவது இகரம். காற்புள்ளி வேறொரு விசையில் இருக்கிறது. கட்டுரையாளர் சில இடங்களில் ஆங்கில எழுத்துருவுக்கு மாறிக் காற்புள்ளி போட்டிருக்கிறார். பின்னால் யாரோ மொத்தமாகத் தேர்ந்தெடுத்துப் பாமினியாக்கியதில் அவை எல்லாம் இகரமாகிவிட்டன. ‘யாழ்ப்பாணம்இ வவுனியாஇ மன்னார்’ என்று வந்து நின்றது. இலங்கைத் தமிழ் இணையப் பக்கங்களைப் படிப்பவர்களுக்கு இந்த இகரம் பழக்கமான முகம். சொல்லின் இறுதியில் மெய்யையோ உயிர்க்குறியையோ அடுத்து வரும் தனி ‘இ’ என்று தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றினேன்.

அடுத்து மேலெழுத்து. 11 கட்டுரைகளில் குறிப்பெண்களைக் கையால் அடித்து மேலே ஏற்றியிருந்தார்கள். 9 கட்டுரைகளில் வேர்டின் உண்மையான அடிக்குறிப்பு. மற்ற 7 கட்டுரைகளில் குறிப்பே அடைப்புக்குள் வந்துவிட்டதால் தொல்லையில்லை. கையால் அடித்த 11 கட்டுரைகளிலும், தேட வேண்டியது மேலெழுத்து என்ற வடிவமைப்பு மட்டும், பதிலாக வைக்க வேண்டியது ‘[[^&]]’ என்று கொடுத்தேன். ‘^&’ என்பது ‘கண்டெடுத்ததையே திரும்ப வை’ என்று வேர்டுக்குச் சொல்வது. 1894ஐ அடுத்த 3 இப்போது 1894[[3]] ஆயிற்று. இனி அதன் உயரத்தை யார் பிடுங்கினாலும் அடைப்பு நின்று காட்டிக்கொடுக்கும். உண்மையான அடிக்குறிப்புகளுக்கு இது தேவையில்லை. அவற்றின் எண் அளவு குலைந்தாலும், அடிக்குறிப்புகளை மட்டும் தேடி அவற்றுக்குரிய ஸ்டைலைத் திரும்பப் போட்டுவிடலாம்.

பாடல்களுக்கு மட்டும் எந்தக் குறுக்குவழியும் அகப்படவில்லை. ஒருவர் நடுவாக்கியிருந்தார், ஒருவர் டேப் வைத்திருந்தார், ஒருவர் வரிக்கு 20 தடவை ஸ்பேஸ் தட்டியிருந்தார், ஒருவர் கோடில்லாத அட்டவணைக்குள் பாட்டை உட்கார வைத்திருந்தார். பாட்டுக்கு எல்லாருக்கும் பொதுவான அடையாளம் ஒன்றுமில்லை. ஒன்றரை நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு பாடலையும் கண்டுபிடித்து அடி முடிவில் ‘//’ என்று கையால் போட்டேன். பிடிஎஃப்பிலிருந்து வந்த சில பாடல்களில் அடி முன்பே குலைந்திருந்தது. அங்கே யாப்பே கைகொடுத்தது. நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, முச்சீராக வரும். மற்ற அடிகள் நாற்சீர். கடைசியிலிருந்து சீர் எண்ணிக்கொண்டு போனால் அடி எங்கே உடைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். நான் வைத்த அடி சரியா என்று பேராசிரியரிடம் ஒருமுறை காட்டிக்கொண்டேன்; இரண்டு இடத்தில் தவறு சொன்னார்.

அதன்பிறகுதான் கண்ட்ரோல்-ஸ்பேஸும் கண்ட்ரோல்-க்யூவும். மஞ்சள் ஹைலைட் மட்டும் அசையவில்லை. வடிவமைப்பை அழிக்கும் பொத்தானுக்கும் அது அடங்காது. தனியாக ‘நிறமில்லை’ என்று கொடுத்தால்தான் போகும். வரி ஒட்டும் வைத்தியத்தைப் பிடிஎஃப்பிலிருந்து வந்த கட்டுரைகளுக்கு மட்டும், ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். இரட்டை இடைவெளிகளும் வெற்றுப் பத்திகளும் ஐந்து நிமிடத்தில் போயின. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

11 புள்ளி கேட்டால் 12 புள்ளி நிற்கிறது

இனி ஸ்டைல். தலைப்பு, ஆசிரியர் பெயர், உடல் பத்தி, பாடல், மேற்கோள், குறிப்பு என்று ஆறே ஆறு போதும் என்று முடிவுசெய்தேன். உடல் பத்திக்குப் புதிய எழுத்துரு, 11 புள்ளி என்று ஸ்டைலில் அமைத்துச் சரி கொடுத்தேன். ஆங்கிலச் சொற்கள் எல்லாம் மாறின. தமிழ் அப்படியே லதாவில் 12 புள்ளியில் பிடிவாதமாக நின்றது. ஒரு மணி நேரம் போயிற்று, இன்னும் எங்கோ நேரடி வடிவமைப்பு ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அழித்துக்கொண்டிருந்தேன்.

வேர்டுக்குத் தமிழ் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’, அதாவது அரபி, இந்தி, தாய் போன்ற எழுத்துகளின் வரிசை. இவற்றுக்கு எழுத்துரு, அளவு, தடிப்பு, சாய்வு ஆகிய நான்கையும் வேர்டு தனியாக, இரண்டாவது கணக்கில் வைத்துக்கொள்கிறது. எழுத்துரு உரையாடல் பெட்டியில் கீழே தனிப்பகுதியாக இருப்பது அதுதான். மேல்பகுதியில் எதை மாற்றினாலும் அது ஆங்கிலத்துக்குத்தான் போய்ச் சேரும். லதா எங்கிருந்து வந்தது என்பதற்கும் இதுதான் விடை: தமிழுக்கென்று யாரும் எதுவும் சொல்லாதபோது ஆபீஸின் வழக்கமான தீமில் (எழுத்துரு, நிறங்களின் முன்னமைப்பு) தமிழுக்கு எழுதி வைத்திருக்கும் எழுத்துரு லதா. விண்டோஸ் 2000 காலத்து எழுத்துரு அது. அதன் வரி உயரம் தாராளம், பக்கக் கணக்கையே மாற்றிவிடும். கீழ்ப்பகுதியில் எழுத்துருவையும் 11ஐயும் கொடுத்ததும் 27 கட்டுரைகளும் ஒரே நொடியில் ஒழுங்குக்கு வந்தன. வேர்டுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸிலும் இதே மாதிரி ‘சிடிஎல்’ எழுத்துரு என்று தனிப்பகுதி இருக்கிறது. தமிழ் வேர்டு கோப்போடு மல்லுக்கட்டும் பத்துப் பேரில் எத்தனை பேருக்கு இந்தக் கீழ்ப்பகுதி தெரியுமோ, எனக்கே இத்தனை வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

ஸ்டைல்கள் நின்றதும் ‘[[3]]’ போன்றவற்றை எல்லாம் மேலெழுத்து ஸ்டைலுக்கு மாற்றி அடைப்பை நீக்கினேன். பாடல் பத்திகளில் ‘//’ வரி முறிவாயிற்று.

கண்ணுக்குத் தெரியாதவை

இணையத்திலிருந்து வந்த பத்திகளில் அகலமே இல்லாத எழுத்துகள் இருந்தன. யூனிகோடு எண் 8203 அகலமில்லா இடைவெளி. 173 சொல்லை வரி முடிவில் உடைக்கச் சில தளங்கள் செருகும் மென்கோடு. இவை உள்ளே இருந்தால் சொல் கண்ணுக்குச் சரியாக இருக்கும், தேடினால் கிடைக்காது, பக்கம் கட்டும்போது எதிர்பாராத இடத்தில் உடையும். எழுத்தின் எண்ணைக் கொடுத்துத் தேடும் வசதிக்காக இந்தக் கட்டத்தை லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் செய்தேன். இணைப்பைத் தடுக்கும் 8204ஐ மட்டும் மொத்தமாக அழிக்கவில்லை. ‘ரிக்‌ஷா’ என்று ககரத்தையும் ஷகரத்தையும் பிரித்துக் காட்டச் சிலர் அதை வேண்டுமென்றே வைக்கிறார்கள்.

இதைவிட நுணுக்கமானது கொம்பும் காலும். ‘பொருள்’ என்பதில் ஒகரக் குறியை ஒரே எழுத்தாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பு ஒன்று கால் ஒன்று என்று இரண்டு எழுத்தாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. பிடிஎஃப்பிலிருந்து வந்தவை பெரும்பாலும் இரண்டாவது வகை. யூனிகோடு இரண்டையும் சமமாகவே கருதுவதால் கண்ணை மூடிக்கொண்டு முதல் வகைக்கு மாற்றிவிடலாம்.

ஔகாரத்தில் அந்தச் சலுகை கிடையாது. ‘கௌரவம்’ என்பதைக் கொம்பும் ளகரமும் போட்டு ‘கெளரவம்’ என்று அடிப்பது பழைய பழக்கம். அதை மொத்தமாக மாற்றப் போனால் கெளுத்தி மீன் தொடங்கி வெளி, தெளிவு வரை எல்லாம் நாசமாகும். கௌரவம், மௌனம், சௌந்தரம், பௌத்தம் என்று தெரிந்த சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடினேன். அந்தத் தாளில் குறியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேனே தவிர, சொல்லின் முதலில் வரும் ஔகாரத்தை எழுத மறந்துவிட்டேன்.

கணக்கும் மிச்சமும்

முதல் முயற்சி 40 நிமிடம், இரண்டாவது நான்கு நாள். எங்கள் தொழிலில் கூலி பக்கக் கணக்கு. பக்கம் கட்டுவதற்கு முன்னால் கோப்பில் செலவாகும் நாள்களுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. இந்தமுறை பேராசிரியரிடம் நடந்ததை அப்படியே சொல்லி, சுத்தம் செய்ததற்குத் தனியாக ஒரு தொகை கேட்டேன், பாதி கிடைத்தது. சுத்தமான கோப்பைப் பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனுக்குள் இழுத்தபோது ஆறு ஸ்டைல்களும் ஆறாகவே வந்தன. 1894உம் 1887உம் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் அவற்றைத்தான் பார்த்தேன்.

புத்தகம் அச்சாகி வந்தபின் பேராசிரியர் பின்னிணைப்பில் இருந்த பெயரடைவைக் காட்டினார். அதைக் கோப்பில் பெயர்களைத் தேடித்தான் தயாரித்தேன். ஔவையாருக்கு மூன்று பக்க எண்கள் போட்டிருந்தேன். அவர் நான்காவது ஒன்றை விரல் வைத்துக் காட்டினார்: பக்கம் 118, மேலிருந்து ஆறாவது வரி, ஒகரமும் ளகரமுமாக ‘ஒளவையார்’. அவருடைய பிரதியில் பெயரடைவின் ஓரத்தில் 118 என்று பென்சிலால் எழுதியிருந்தார்.